தமிழ்நாடு அணியா, வண்டியில் இடம் கிடைத்தவர்களின் அணியா?

கேள்வி: என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான், நன்றாகக் கபடி ஆடுவான். வடக்கே நடக்கும் ‘அமெச்சூர் வீரர்களுக்கான தேசிய விளையாட்டுத் திருவிழா’வுக்குத் தமிழ்நாடு அணியில் தேர்வாகியிருப்பதாகப் பயிற்சியாளர் சொல்கிறார். நுழைவுக் கட்டணம், சீருடை, தங்குமிடம் எல்லாம் சேர்த்து 7,000 ரூபாய் கேட்கிறார். சான்றிதழ் கிடைத்தால் அரசு வேலைக்கு உதவுமாம். அனுப்பலாமா?
– ஒரு தந்தை, சேரன்மகாதேவி

பதில்: பையன் எந்த ஊரில், யாரோடு மோதித் தேர்வானான் என்று கேட்டீர்களா? கபடி அணிக்குப் பன்னிரண்டு பேர். ஏழு பேர் களத்தில், ஐந்து பேர் வெளியே. தமிழ்நாட்டில் மாவட்டங்கள் 38. மூன்று மாவட்டத்துக்கு ஒரு பையன்கூடத் தேறாத கணக்கு இது. உங்கள் மகனோடு ரயில் ஏறும் மற்ற பதினொருவரும் பக்கத்து ஊர்களான வீரவநல்லூர், பத்தமடைப் பிள்ளைகளாகவே இருந்தால், அது தமிழ்நாடு அணி அல்ல. பயிற்சியாளரிடம் பணம் கட்டியவர்களின் அணி.

அசல் தேசிய விளையாட்டுப் போட்டி எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் பொறுப்பில் நடப்பது அது. 2015இல் நமக்கு மலைக்கு அந்தப்பக்கம் கேரளத்தில் நடந்தது. அதற்கடுத்து 2022இல்தான் குஜராத்தில் கூடினார்கள், இடையில் ஏழு வருடம் வெறுமனே போயிற்று. பிறகு 2023இல் கோவா, 2025இல் உத்தராகண்ட். கோடை விடுமுறை தோறும் தவறாமல் வந்து நிற்கிற ‘தேசியப் போட்டி’ வேறு ரகம்.

உத்தராகண்டில் 68 தங்கத்தோடு முதலிடம் பிடித்தது எந்த மாநிலமும் இல்லை, முப்படைகளின் சர்வீசஸ் அணி. மாதச் சம்பளக்காரர்கள்தான். முறையான போட்டிகளில் ஆடி, அதைக் காட்டிப் படையில் சேர்ந்தவர்கள் அவர்களில் நிறையப் பேர். ஆக, விளையாட்டால் வேலை கிடைக்கும் என்பது பொய்யில்லை. எந்தச் சான்றிதழுக்குக் கிடைக்கும் என்பதில்தான் உங்கள் பயிற்சியாளர் வாயைத் திறக்கவில்லை.

மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகளுக்கு ‘படிவம் 2’ என்று ஒன்று உண்டு. தேசியப் போட்டியில் மாநிலத்துக்காக ஆடியவருக்கு, அந்த விளையாட்டின் தேசியச் சம்மேளனச் செயலாளரோ மாநிலச் சங்கச் செயலாளரோ அதில் கையெழுத்திட வேண்டும். தமிழ்நாடு அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அங்கேயும் போட்டியை நடத்தியது யார் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். இந்தத் திருவிழாக்காரர்கள் தரும் காகிதத்தை நான் பார்த்திருக்கிறேன். வழவழப்பான தாள், ஓரத்தில் மூவர்ணப் பட்டை, ‘இந்தியா’வும் ‘தேசிய’வும் கொட்டை எழுத்தில். கீழே பொடி எழுத்தில் ஒரு பதிவு எண். சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிந்தால் தெருமுனை நற்பணி மன்றத்துக்கும் கிடைக்கிற எண் அது. பதிவு வேறு, விளையாட்டு அமைச்சகத்தின் அங்கீகாரம் வேறு. அங்கீகாரம் பெற்ற சம்மேளனங்களின் பட்டியலை அமைச்சகமே வெளியிடுகிறது, பார்த்துக்கொள்ளலாம்.

முப்பத்தைந்தைக் கடந்தவர்கள் சொந்தச் செலவில் மூத்தோர் தடகளத்துக்குப் போகிறார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஓடுகிற ஆசைக்குப் போகிறார்கள், வேலை கேட்டு யாரும் போவதில்லை. உங்கள் மகனையும் ஊர் பார்க்க, நாலு பேரோடு ஆட என்று அனுப்புவதானால் 7,000 ரூபாய் உங்கள் பணம், உங்கள் இஷ்டம். ஆனால் திரும்பி வந்ததும் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ‘தேசியத் தங்கமே’ என்று பிளெக்ஸ் வைத்து, ஆட்சியரிடம் சால்வை வாங்கப் போகாதீர்கள். பையன் அதை நிஜமென்று நம்பி இரண்டு வருடத்தைத் தொலைப்பான்.

தாமிரபரணிக் கரையில் கபடிக்கு ஆள் பஞ்சம் இருந்ததே இல்லை. மணத்தியிலிருந்து புறப்பட்ட கணேசன் 1994இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடினார். உங்கள் பையனைப் பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கத்துக்கு அழைத்துப் போங்கள். முதலமைச்சர் கோப்பைக்கான மாவட்டப் போட்டி எப்போது, மாவட்டக் கபடிக் கழகத்தின் தேர்வு எப்போது என்று மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் கேளுங்கள். முதலமைச்சர் கோப்பையில் மாநில அளவில் ஜெயித்தவனுக்குப் பணம் கொடுப்பார்கள், வாங்க மாட்டார்கள். முதல் வருடம் மாவட்டத்திலேயே தோற்றுத் திரும்பலாம், தோற்கட்டும்.

பயிற்சியாளரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “படிவம் 2இல் யார் கையெழுத்துப் போடுவார்கள்?” பதில் எழுத்தில் வந்த பிறகு பணத்தை எண்ணுங்கள்.