வேர் சிகிச்சை முடிந்த பல்லுக்குக் கேப் கட்டாயம் போட வேண்டுமா?

ஆறு மாதங்களுக்கு முன் கீழ்க் கடைவாய்ப்பல்லில் வேர் சிகிச்சை (ரூட் கேனால்) செய்துகொண்டதாகவும், இப்போது வலி எதுவும் இல்லை என்றும், ஆனாலும் மருத்துவர் அந்தப் பல்லைச் சுற்றிலும் சீவி, உறை போல மூடும் கேப் போடச் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வலிக்காத பல்லை ஏன் சீவ வேண்டும், இது பணத்துக்காகச் சொல்வதா என்பது உங்கள் சந்தேகம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவர் அல்லன். பல் மருத்துவமனைகள் எடுத்தனுப்பும் அளவை வைத்துக் கேப் செய்து கொடுக்கும் பல் லேப் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வேலை செய்கிறவன். நோயாளியின் முகத்தை நான் பார்ப்பதில்லை. சீவிய பல்லின் பிளாஸ்டர் அச்சு மட்டுமே என் மேசைக்கு வரும். அந்த அச்சைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கும்போது, மேலே போடப்போகும் கேப்பைவிட அடியில் எவ்வளவு பல் மிச்சம் இருக்கிறது என்பதில்தான் கண் போய் நிற்கும். உங்கள் கேள்விக்கான விடையும் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

உலக்கையின் நுனியில் இரும்புப் பூண் மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பூண் மரத்துக்குப் புதிதாக வலுவைக் கொடுப்பதில்லை. குத்தும்போது மரம் விரிந்து பிளந்துவிடாமல் சுற்றிலும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. பல்லுக்குப் போடும் கேப்பின் முதன்மையான வேலையும் இதுவே. சொத்தையைச் சுரண்டிவிட்டு உள்ளே வைக்கும் அடைப்பு குழியை நிரப்புமே தவிர, சுவர்களை வெளியிலிருந்து பிடிக்காது. கடைவாயில் உணவை அரைக்கும்போது பல்லின் முகடுகள் ஒன்றையொன்று விட்டு விலகப் பார்க்கின்றன; பெரிய அடைப்பு அந்த நேரத்தில் நடுவில் நிற்கும் ஆப்பு போலவும் ஆகிவிடக்கூடும். கேப், ஈறு ஓரம் வரை பல்லை முழுவதுமாக மூடி அந்த விலகலைத் தடுக்கிறது. அதற்கு இடம் வேண்டும் என்பதால்தான், கேப் எதனால் ஆனது என்பதைப் பொறுத்து, மேற்புறத்தில் 1 முதல் 2 மில்லிமீட்டர் வரையிலும் பக்கங்களில் அதைவிடக் குறைவாகவும் பல்லைச் சீவுகிறார்கள். சீவிய எனாமல் திரும்ப வளராது என்பதால், உங்கள் தயக்கம் நியாயமானதே.

வேர் சிகிச்சை செய்த பல் செத்துப்போய், காய்ந்த விறகைப் போல உடைந்துவிடும் என்று பலரும் சொல்வார்கள். ஆனால் பல்லின் ஈரப்பதத்தில் ஏற்படும் மாற்றம் மிகச் சிறியது. பல் பலவீனமாவதற்கு உண்மையான காரணம், சொத்தையாலும் அதைச் சுரண்டியதாலும் இழந்த பல்லின் அளவுதான். பிடுங்கிய முன்கடைவாய்ப்பற்களை வைத்துச் செய்து 1989ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று இதை அளந்தே காட்டியது. வேர்க்குழாயை அடைவதற்காக மேலிருந்து போடும் துளையால் மட்டும் பல்லின் விறைப்புத்தன்மை ஏறத்தாழ 5 விழுக்காடுதான் குறைந்தது. ஆனால் பக்கத்துப் பற்களைத் தொடும் இரண்டு ஓரத்து வரப்புகளும் போகும்படி குழி வெட்டியபோது 63 விழுக்காடு குறைந்தது. வயலின் வரப்பை இருபுறமும் வெட்டிவிட்டால் தண்ணீர் நிற்காதது போல, அந்த இரு வரப்புகளும் போன பல்லில் இரு பக்கச் சுவர்களைச் சேர்த்துக் கட்ட எதுவும் மிஞ்சுவதில்லை.

ஆகவே, வேர் சிகிச்சை செய்தால் கேப் போட்டே தீர வேண்டும் என்ற பொது விதி சரியல்ல. முன்பற்கள் உணவை அரைப்பதில்லை. அவற்றில் பின்புறம் ஒரு சிறு துளை மட்டும் போட்டிருந்து மற்ற பகுதி முழுமையாக இருந்தால், நல்ல அடைப்பே பெரும்பாலும் போதும். வேர் சிகிச்சை செய்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பற்களை ஆராய்ந்து 1984ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவுகளிலும், கேப்பால் கடைவாய்ப்பற்களுக்குத் தெளிவான பலன் தெரிந்தது. முன்பற்களுக்கு அப்படித் தெரியவில்லை. கடைவாய்ப்பல்லாகவே இருந்தாலும், இரு வரப்புகளும் தடித்த சுவர்களும் அப்படியே இருந்தால், கேப் இல்லாமல் ஒட்டும் வகை அடைப்போடு விட்டுக் கவனித்து வரும் மருத்துவர்கள் உண்டு. ஆனால் கீழ்க் கடைவாயின் முதல் பெரிய பல், ஆறு வயதில் முளைத்து நம் வாயில் முதலில் சொத்தையாகும் நிலைத்த பற்களில் ஒன்று. அது வேர் சிகிச்சை வரை போயிருந்தால், வரப்புகள் மிஞ்சியிருப்பது அரிது. மருத்துவமனைச் சீட்டில் இந்தப் பல்லின் எண்ணாக, இடப்பக்கம் என்றால் 36, வலப்பக்கம் என்றால் 46 என்று எழுதி எங்களுக்கு வரும் அச்சுகளில் நான் பார்ப்பது பெரும்பாலும் ஒரு பக்கச் சுவரையும், எதிரே ஒரு மெல்லிய தகட்டையும்தான்.

இதை இவ்வளவு தெரிந்தவன் என்ன செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். என் இடப்பக்கத்து 36ஆம் பல்லில் வேர் சிகிச்சை முடிந்தது. கேப் போடச் சொன்னார்கள். எங்கள் லேபிலேயே செய்துகொள்ளலாம் என்பதால் ‘அடுத்த வாரம், அடுத்த வாரம்’ என்று எட்டு மாதம் தள்ளிப்போட்டேன். தீபாவளிக்கு வந்த தட்டையில் இருந்த ஒரு கடலைப்பருப்பு அதை முடித்துவைத்தது. டக்கென்று ஒரு சத்தம் கேட்டது, வலி கிடையாது. நாக்கால் தடவியபோது பல்லின் உட்சுவர் கதவைப் போல ஆடியது. விரிசல் ஈறுக்குக் கீழே வேர் வரை இறங்கியிருந்ததால் பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று. நரம்பு இல்லாத பல் எச்சரிக்காது என்பதை அன்றைக்குத்தான் என் வாயிலேயே கண்டேன். வலி இல்லை என்பதால் பல் பத்திரமாக இருக்கிறது என்று நீங்கள் எண்ணுவதாகத் தோன்றியதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

வேர் சிகிச்சை இல்லாமலும் சில பற்களுக்குக் கேப் தேவைப்படும். பழைய பெரிய அடைப்பைச் சுற்றி ஒரு முகடு உடைந்த பல்லும், எனாமல் தேய்ந்து குட்டையாகிவிட்ட பல்லும் அப்படிப்பட்டவை. கடிக்கும்போது, அதிலும் குறிப்பாகக் கடித்ததை விடும் நொடியில், சுருக்கென்று வலித்தால் விரிசலாக இருக்கலாம். இதை எக்ஸ்ரே பல நேரங்களில் காட்டாது. மாறாக, சிறிய சொத்தை, குளிர்ந்த நீர் பட்டால் வரும் கூச்சம், பல்லின் நிறம் பிடிக்காதது ஆகியவற்றுக்கு மட்டும் நல்ல பல்லைச் சீவுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உயிருள்ள பல்லைச் சீவும்போது உள்ளே இருக்கும் நரம்புத்திசு அதிர்ச்சிக்கு உள்ளாகிறது. அப்படிச் சீவிய பற்களில் ஒரு பகுதி சில ஆண்டுகளில் உள்ளே கெட்டு, கேப்பைத் துளைத்து வேர் சிகிச்சை செய்ய வேண்டிய நிலைக்கு வருகின்றன.

எல்லோரும் முதலில் கேட்பது எந்தக் கேப் நல்லது என்பதைத்தான். முழு உலோகக் கேப் விலை குறைவு, குறைவாகச் சீவினால் போதும், உழைக்கும்; பார்வைக்குத்தான் அழகில்லை. உலோகத்தின் மேல் செராமிக் ஏற்றிய கேப்பில் செராமிக் சிறிது பெயர்வதும், ஈறு இறங்கினால் ஓரத்தில் சாம்பல் கோடு தெரிவதும் உண்டு. இப்போது எங்களுக்கு அதிகம் வருவது ஜிர்கோனியா என்ற கடினமான வெள்ளைச் செராமிக்தான். சுண்ணாம்புக் கட்டி போன்ற வெள்ளை வட்டில் இருந்து, வேண்டிய அளவைவிட ஏறத்தாழ கால் பங்கு பெரிதாக எந்திரம் அதைக் கடைந்து தரும். அந்த நிலையில் நகம் பட்டாலே கீறல் விழும். சுமார் 1500 டிகிரி சூட்டில் உலையில் வைத்து எடுத்தால், சுருங்கிச் சரியான அளவுக்கு வந்து, வைரம் பதித்த கருவியால் மட்டுமே தேய்க்கக்கூடிய கடினத்தை அடைந்துவிடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

ஆனால் பொருளைவிட முக்கியமானது ஓரம். அச்சில் பல்லின் சீவிய எல்லையைச் சிவப்புப் பென்சிலால் கோடிட்டு, உருப்பெருக்கியின் அடியில் வைத்து, கேப்பின் விளிம்பு அந்தக் கோட்டில் போய் உட்காரும்படி செய்வதுதான் என் வேலையின் கடினமான பகுதி. அளவு எடுத்தபோது எச்சிலோ இரத்தமோ கலந்திருந்தால் அந்தக் கோடு தெளிவாக விழாது. நாங்கள் ஊகித்துச் செய்த விளிம்பில் இடைவெளி விழும். அதில் கிருமி புகுந்து அடியில் மீண்டும் சொத்தை வரும். கேப் சொத்தையாகாது, கேப்புக்குள் இருக்கும் பல் சொத்தையாகும். எனவே மருத்துவர் அளவைத் திரும்ப எடுக்க வேண்டும் என்றால் முகம் சுளிக்காதீர்கள். பூண் பிடிக்க மரம் வேண்டும் என்பது போல, ஈறுக்கு மேலே சுற்றிலும் 1.5 முதல் 2 மில்லிமீட்டர் உயரத்துக்காவது நல்ல பல் இருக்க வேண்டும் என்பதும் இதே அளவுக்கு முக்கியம். அதுவும் இல்லாத பல்லின் மேல் எவ்வளவு விலையுயர்ந்த கேப்பைப் போட்டாலும் ஒரு நாள் வேரோடு உடைந்து வரும்.

போட்ட பிறகு கடி உயரமாகத் தோன்றினால், பழகிவிடும் என்று பொறுக்காமல் போய்ச் சொல்லுங்கள். வண்ணத்தாளைக் கடிக்க வைத்துச் சில நொடிகளில் தேய்த்துவிடுவார்கள். கழன்று வந்தால் கேப்பை எடுத்துவைத்து மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ஃபெவிக்விக் போட்டு ஒட்டிக்கொண்டு வந்த கேப்புகள் எங்களிடம் திரும்பி வந்திருக்கின்றன. அவற்றைச் சுத்தம் செய்வது புதிதாக ஒன்றைச் செய்வதைவிடப் பெரிய வேலை.

உங்கள் மருத்துவரிடம் எக்ஸ்ரேயையோ வாய்க்குள் எடுத்த புகைப்படத்தையோ காட்டச் சொல்லி, இரு ஓரத்து வரப்புகளும் இருக்கின்றனவா, சுவர்கள் எவ்வளவு தடிமன் என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு அவர் நின்று பதில் சொல்வார் என்றே நினைக்கிறேன். அதைவிட அவசரமாகக் கேட்க வேண்டியது, இப்போது பல்லில் இருப்பது நிலையான அடைப்பா, தற்காலிகமானதா என்பதை. தற்காலிக அடைப்பு சில வாரங்களுக்கு உரியது. ஆறு மாதமாக அதுவே இருந்தால், அது தேய்ந்து எச்சில் வேர்க்குழாய் வரை கசிந்திருக்கக்கூடும். அப்படியானால் கேப்புக்கு முன் வேர் சிகிச்சையையே மறுபடி செய்ய வேண்டியிருக்கும். அது தெரியும் வரை கடினமானவற்றை மறுபக்கத்தில் மென்று சாப்பிடுங்கள்.