தேறாத மாட்டைக் கருணைக்கொலை செய்ய மாடு பார்ப்பவர்கள் ஏன் தயங்குகிறார்கள்?

பிழைக்க வழியில்லாமல் வேதனைப்படும் மாட்டை, கால்நடை மருத்துவர் முதலில் மயக்கி, அப்புறம் மருந்தைக் கூடுதலாகச் செலுத்தி, வலியில்லாமல் உயிர் பிரியச் செய்வதுதான் கருணைக்கொலை. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 13-ஆவது பிரிவில் இதற்கு இடம் தருகிறது.

ஆனால் குமரி மாவட்டத்தில் தோவாளை, கல்குளம் பக்கம் மாடு பார்ப்பவர்கள் எளிதில் சம்மதிப்பதில்லை. தினமும் கறந்து, குளிப்பாட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட்ட பசு அது. முடிவு சொல்வது உடைமைக்காரர். ஊசி போடும்போது கயிற்றைப் பிடித்து நிற்பது வேலையாள். பாவம் தன் கையில் ஒட்டும் என்று அவர் அஞ்சுவதை அறியாமை என்று நான் சொல்லமாட்டேன். இருந்தாலும், அந்தத் தயக்கத்தில் நாட்கள் நீளும்போது கஷ்டப்படுவது மாடுதான். 300, 400 கிலோ உடம்பு ஒரே பக்கமாகக் கிடந்தால் அதன் எடையே தசையையும் நரம்பையும் நசுக்கிவிடும்.

காற்றில் சாய்ந்த ஏத்தன் வாழைக்கு ஊன்று கொடுத்தால் நின்று குலை தரும். தண்டே முறிந்துவிட்டால் எத்தனை ஊன்று வைத்து என்ன? சாய்ந்ததா, முறிந்ததா என்று மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். 1962 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

எழும்ப முடியாத மாடெல்லாம் சாகப்போகிற மாடு என்று நினைப்பது தவறு: கன்று ஈன்ற ஓரிரு நாளில் படுத்துவிடும் பசுவுக்குப் பெரும்பாலும் சுண்ணாம்புச்சத்துக் குறைவுதான், கால்சியம் ஏற்றினால் பல பசுக்கள் சில மணி நேரத்திலேயே எழுந்து நின்றுவிடும்.