ஏற்காட்டில் இருக்கிறேன். பழைய கேமிங் கம்ப்யூட்டரை அப்கிரேடு செய்ய எந்தப் பாகங்களை, எந்த ஆன்லைன் கடையில் வாங்கலாம்?

கேள்வியில் நீங்கள் கொடுத்த விவரம்: ரைசன் 5 2600 பிராசசர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக், ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு, கேபினெட்டோடு சேர்ந்து வந்த 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி), 1080பி மானிட்டர். கையில் 45,000 ரூபாய். எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு ஏஎம்டியின் புது சாக்கெட்டான ஏஎம்5-க்குப் போய்விடவா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

போக வேண்டாம். ஏஎம்5 என்றால் பிராசசர், போர்டு, ரேம் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றியாக வேண்டும், ஏனென்றால் உங்களிடம் உள்ள பழைய தலைமுறை டிடிஆர்4 ரேம் அதில் உட்காராது. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிய வேகம் உங்களுக்கே தெரிந்திருக்கும். மெமரி செய்கிற கம்பெனிகள் எல்லாம் ஏஐ டேட்டா சென்டர் பக்கம் சாய்ந்துவிட்டன, மைக்ரான் தன்னுடைய க்ரூஷியல் பிராண்டையே சில்லறை விற்பனையிலிருந்து எடுக்கப் போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. இந்த நேரத்தில் அதற்கு வேண்டிய டிடிஆர்5 ரேம் வாங்கப் போனால் கிராபிக்ஸ் கார்டுக்கு வைத்திருக்கிற காசு ரேமுக்கே போய்விடும். உங்கள் பி450 போர்டு, பயாஸ் (போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்தால் ரைசன் 5000 வரிசை வரைக்கும் தாங்கும். அதுவே போதும்.

நான் கடை வைத்திருப்பவன் இல்லை, சேலத்தில் அஸ்தம்பட்டி பக்கம் இருந்துகொண்டு தெரிந்தவர்களுக்கு அசெம்பிள் செய்து கொடுப்பவன், அவ்வளவுதான். யார் வந்து கேட்டாலும் முதலில் ஒன்று செய்யச் சொல்வேன். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளைப் போட்டு, நீங்கள் தினமும் ஆடுகிற கேமை அரை மணி நேரம் ஆடுங்கள், திரையின் ஓரத்தில் கார்டு எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்று பாருங்கள். 95-க்கு மேலேயே நின்றால் கார்டுதான் தடை. 60, 70-ல் தள்ளாடிக்கொண்டு எஃப்பிஎஸ்ஸும் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) குறைவாக இருந்தால் பிராசசரோ ரேமோ பின்தங்குகிறது. கதை உள்ள பெரிய கேம்கள் என்றால் உங்கள் 1650 நிச்சயம் மூச்சு முட்டும், அதில் இருப்பதே 4 ஜிபி மெமரிதான். வாலரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2 மட்டும்தான் ஆடுவேன் என்றால் கதை வேறு, அங்கே பிராசசருக்குத்தான் வேலை அதிகம். இதைப் பார்க்காமல் கார்டு வாங்கிப் போட்டுவிட்டு வாலரண்டில் எஃப்பிஎஸ் ஏறவே இல்லை என்று புலம்புகிறவர்கள் நிறைய.

அடுத்தது எஸ்எம்பிஎஸ். யாருக்கும் பிடிக்காத செலவு, ஆனால் உங்கள் விஷயத்தில் இதைத் தள்ளிப்போட முடியாது. கேபினெட்டோடு வந்த 450 வாட் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணை நான் நம்ப மாட்டேன். 1650 மொத்தமே 75 வாட் தின்கிற கார்டு, பல மாடல்களுக்குத் தனி பவர் வயரே வேண்டாம், அதனால்தான் இத்தனை நாள் சமாளித்திருக்கிறது. புதுக் கார்டுக்கு 8 பின் வயர் வேண்டும், அந்தப் பெட்டியில் அது இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். இல்லாவிட்டால் கன்வர்ட்டர் வயர் போட்டு ஓட்டலாம் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். நல்ல பிராண்டில் 550 வாட், ஐந்து வருட வாரண்டி உள்ளதாக எடுங்கள். 80 பிளஸ் பிரான்ஸ் என்று போட்டிருந்தால் மின்சாரம் வீணாவது குறைவு என்று மட்டும்தான் அர்த்தம், மற்றபடி தரத்துக்கு அது சான்றிதழ் இல்லை. எத்தனை வருடம் வாரண்டி தருகிறான் என்பது அதைவிட நல்ல அடையாளம்.

கார்டுக்கு வருவோம், பாதிக்கும் மேல் பணம் இங்கேதான் போகும். யாரும் அதிகம் பேசாத ஒரு விஷயம், உங்கள் போர்டில் கார்டு உட்காருகிற ஸ்லாட் பிசிஐஇ 3.0, பழைய தலைமுறை. இப்போது வருகிற நடுத்தரக் கார்டுகளில் பாதி எட்டு லேன் (டேட்டா போகிற பாதை) மட்டும் வைத்தே வருகின்றன: ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்டிஎக்ஸ் 5060 எல்லாம் அப்படித்தான். புதுப் போர்டில் அது பிரச்சினை இல்லை. பழைய 3.0 ஸ்லாட்டில் கார்டின் 8 ஜிபி மெமரி நிரம்பி வழிகிற கேம்களில் மட்டும் பாதை குறுகலாகி, சராசரி எஃப்பிஎஸ் நன்றாகத் தெரிந்தாலும் ஆடும்போது திக்கித் திக்கி நிற்கும். ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி இரண்டும் பதினாறு லேன், மெமரியும் தாராளம். உங்கள் போர்டுக்கு என் முதல் தேர்வு 9060 எக்ஸ்டி 16 ஜிபி. அது மொத்தப் பணத்தையும் விழுங்கிவிடும் என்றால் ஆர்எக்ஸ் 6600 வாங்குங்கள், 132 வாட் கார்டு, 1080பி-யில் செட்டிங்கைக் கொஞ்சம் குறைத்தால் இன்னும் நன்றாகவே ஓடும். 6500 எக்ஸ்டி பக்கம் மட்டும் போகாதீர்கள், அதில் நான்கு லேன்தான். இன்டெல் ஆர்க் பி580 பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் பழைய பிராசசரோடு அது சரியாக ஒத்துப்போவதில்லை, 2600-ல் போட்டால் அதன் முழுச் சக்தியும் வராது.

பழைய கார்டு வாங்கலாமா என்று எப்படியும் ஒரு நண்பர் கேட்பார். ஜிடிஎக்ஸ் 1060, 1070 எல்லாம் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அந்த பாஸ்கல் வரிசைக்குப் புதுக் கேம்களுக்கான டிரைவர் தருவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. விடுங்கள்.

பிராசசருக்கு ரைசன் 5 5600. 5500 கொஞ்சம் மலிவு என்று அதில் விழ வேண்டாம், கேஷ் மெமரி (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக மெமரி) 5600-ல் 32 எம்பி, 5500-ல் பாதி, கேம்களில் அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். காசு மீதமாகி 5700எக்ஸ்3டி எங்கேயாவது கிடைத்தால் பிரமாதம், ஆனால் அதைத் தேடிக்கொண்டு காத்திருக்காதீர்கள். டிரே பிராசசர் என்று பெட்டி இல்லாமல் விற்பார்கள், அதற்குக் கடைக்காரர் கொடுக்கிற வாரண்டிதான், கம்பெனியின் மூன்று வருடம் பெட்டியோடு வருவதற்கு மட்டும்.

பயாஸ் அப்டேட்டைப் பழைய 2600 இருக்கும்போதே செய்துவிட வேண்டும். ஏற்காட்டில் இதற்கு நேரம் பார்ப்பது முக்கியம். காற்றடித்தால் எஸ்டேட்டில் ஒரு சில்வர் ஓக் மரம் லைன் மேல் சாய்ந்து கரண்ட் போகும், ஏப்ரல் மே மாதத்தில் சாயங்காலமானால் இடி மின்னல் வேறு. அப்டேட் பாதியில் இருக்கும்போது கரண்ட் போனால் போர்டு செத்துப்போக வாய்ப்பு உண்டு. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பார்த்துவிட்டு, வானம் தெளிவாக உள்ள காலை நேரத்தில், யுபிஎஸ்ஸில் போட்டுச் செய்யுங்கள். யுபிஎஸ் இல்லையென்றால் இந்தப் பட்டியலில் அதையும் சேருங்கள், 600 விஏ என்று போட்டிருப்பது பொதுவாக 360 வாட்தான் தாங்கும் என்பதை நினைவில் வைத்து வாங்குங்கள். அப்டேட் முடிந்ததும் செட்டிங்ஸ் எல்லாம் ஆரம்ப நிலைக்குப் போய்விடும், எக்ஸ்எம்பி, செக்யூர் பூட் இரண்டையும் திரும்பப் போட்டால்தான் ரேம் சரியான வேகத்தில் ஓடும், விண்டோஸ் 11-ல் வாலரண்டும் திறக்கும். விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் போட்டிருந்தால் ரிகவரி கீயை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பிராசசர் மாற்றியதும் கேட்கும். அப்புறம் கூலரைக் கழற்றும்போது நேராக மேலே இழுக்காதீர்கள். உங்கள் போர்டின் ஏஎம்4 சாக்கெட்டில் பேஸ்ட் காய்ந்து பிராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், பின் வளையும். கொஞ்ச நேரம் கேம் ஆடிச் சூடாக்கி, ஆஃப் செய்து, பாட்டில் மூடியைத் திருகுவது போல இரண்டு பக்கமும் மெல்லத் திருகிவிட்டு எடுங்கள்.

ரேமுக்கு இன்னொரு 8 ஜிபி ஸ்டிக் போதும், நாலு ஸ்லாட் போர்டு என்றால் இரண்டு ஸ்டிக்கையும் சிபியு சாக்கெட்டிலிருந்து எண்ணி 2, 4-வது ஸ்லாட்டில் போடுங்கள். எஸ்எஸ்டி ஏற்கெனவே இருந்தால் தொடாதீர்கள். கூலருக்கும் தனியாகச் செலவு வேண்டாம், 5600 பெட்டியில் வருவதே போதும். மே மாதத்தில் சேலத்து மாடி வீட்டில் ஆடுகிறவனுக்குத்தான் அந்தக் கவலை, உங்கள் ஊர்க் குளிருக்கு அது தேவையே இல்லை.

சரி, எங்கே வாங்குவது. விலையை இங்கே எழுதினால் நீங்கள் படிக்கும்போது மாறியிருக்கும், அதனால் எப்படிப் பார்ப்பது என்று மட்டும் சொல்கிறேன். எம்டி கம்ப்யூட்டர்ஸ், வேதாந்த் கம்ப்யூட்டர்ஸ் இரண்டும் கொல்கத்தா, பிரைம்ஏபிஜிபி மும்பை, தி ஐடி டிப்போ சென்னை. இந்த நாலையும் அமேசான், ஃபிளிப்கார்ட்டையும் ஒரே நாளில் திறந்து வைத்து ஒப்பிடுங்கள், கொரியர் கட்டணத்தையும் வங்கி கார்டு பேமெண்டுக்குச் சேர்க்கிற சதவீதத்தையும் கூட்டிப் பார்த்தால்தான் உண்மையான விலை தெரியும். அமேசான், ஃபிளிப்கார்ட்டில் பொருளின் பெயரைவிட விற்பவர் பெயரைப் பாருங்கள், அங்கே ஒரே கார்டைப் பத்துப் பேர் விற்பார்கள். நவராத்திரி சமயத்து ஆஃபரில் வங்கி கார்டுத் தள்ளுபடி நிஜமாகவே உதவும், ஆனால் அதற்கு முந்தைய வாரம் என்ன விலை இருந்தது என்று குறித்து வைத்திருந்தால்தான் அது தள்ளுபடியா நாடகமா என்று தெரியும்.

என்னுடைய பிரிவினை இதுதான். பிராசசர், ரேம், கார்டு மூன்றும் ஆன்லைனில். எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ், மானிட்டர் சேலத்தில், ஐநூறு ரூபாய் அதிகமானாலும் சரி. ஏனென்றால் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இரண்டாவது கூட்டம்தான், கனமானதும் அதுதான், வாரண்டிக்கு அதைக் கொல்கத்தாவுக்குப் பார்சல் போடுகிற செலவும் அலைச்சலும் நமக்குத்தான். ஐந்து ரோடு பக்கத்துக் கடைகளில் பாதிப்பேர் ஆபீஸ் கம்ப்யூட்டரும் சிசிடிவியும் விற்பவர்கள், நீங்கள் கேட்கிற மாடல் அங்கே இருக்காது, வரவழைத்துத் தருவார்கள். அவசரமில்லையென்றால் அது நல்ல வழி. பில் இல்லாமல் என்றால் குறைத்துத் தருகிறேன் என்று சொன்னால் அந்தப் பேச்சையே நிறுத்திவிடுங்கள், 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்று தோன்றும், ஆனால் சீரியல் நம்பர் போட்ட பில் இல்லாமல் டிஸ்ட்ரிபியூட்டர் வாரண்டிக்கு வாயே திறக்க மாட்டார். தெரிந்த பையன் ஒருவன் ஒரு ஆன்லைன் கடையில் கார்டு வாங்கினான், பில்லில் இருந்த சீரியல் நம்பரும் கார்டில் இருந்ததும் வேறு வேறு. பெட்டியைப் பிரித்த அன்றைக்கே பார்த்து, பிரித்த வீடியோவையும் அனுப்பியதால் மாற்றிக் கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்துத் தெரிந்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது. கொரியர்காரர் நிற்கும்போதே மேல் லேபிள் தெரிகிற மாதிரி வீடியோ ஆரம்பித்து, கட் பண்ணாமல் சீரியல் நம்பர் வரைக்கும் எடுங்கள்.

பணம் கட்டும் முன் 636601 பின்கோடு போட்டுப் பாருங்கள். மலைக்கு வராது என்று காட்டினாலோ, நாள் அதிகம் காட்டினாலோ சேலத்தில் உள்ள சொந்தக்காரர் முகவரி கொடுத்துவிடுங்கள். கீழேயே யாராவது அசெம்பிள் செய்து தருவதாக இருந்தால் கார்டைக் கழற்றித் தனியாக அதன் பெட்டியிலேயே வைத்துத்தான் மேலே கொண்டுபோக வேண்டும், இருபது கொண்டை ஊசி வளைவிலும் அது ஸ்லாட்டில் தொங்கிக்கொண்டு ஆடினால் ஸ்லாட் உடையும். கேபினெட்டைப் படுக்க வைத்து, போர்டு தரையோடு இணையாக இருக்கும்படி பின் சீட்டில் வையுங்கள். பஸ் என்றால் ஜன்னலோர சீட், மடியில்.

போர்டின் முழு மாடல் பெயரைச் சொல்லவில்லை. அதைச் சொன்னால் எந்த பயாஸ் வெர்ஷன் போட வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன், சில போர்டுகளில் நேராகக் கடைசி வெர்ஷனுக்குத் தாவ முடியாது, இடையில் ஒன்று போட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.