எட்டடிச் சக்கரம் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள சார்,

போன மாசம் குடும்பத்தோட யார்க் ரயில்வே மியூசியம் போனோம், ஸ்டர்லிங் டிசைன் பண்ண நம்பர் 1 நீராவி ரயில் இஞ்சினப் பாத்தோம், அந்தச் சக்கரம் என் வீட்டுக்காரரவிட உயரம். நீங்க பேட்ரிக் ஸ்டர்லிங்க ரொம்பப் பெரிய இஞ்சினியர்னு எழுதியிருந்தீங்க. ஆனா கூட வந்த நண்பர் ஒருத்தர், மெக்கானிக்கல் படிச்சவர், "ரெண்டு ஜோடி சக்கரத்த ராட் (இரும்புத் தண்டு) போட்டு இணைச்சு இழுக்க வச்சா தண்டவாளத்துல பிடிப்பு ஜாஸ்தினு அப்பவே எல்லாருக்கும் தெரியும், இவர் வறட்டுப் பிடிவாதத்துல இழுக்கற சக்கரம் ஒரே ஜோடி போதும்னு நின்னுட்டார்"ங்கறார். எது சரி?

ச., லீட்ஸ்

அன்புள்ள ச.,

உங்க நண்பர் சொல்றதுல பாதி சரி, ராட் போட்டு இணைச்சா பிடிப்பு கூடும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா அது ஸ்டர்லிங்குக்குத் தெரியாததா? கூட்ஸ் வண்டிக்கு ஆறு சக்கரத்தையும் இணைச்ச இஞ்சின அவர் நிறையவே கட்டியிருக்கார், சாதாரண பாசஞ்சருக்கு நாலு சக்கரம் இணைச்சதும் கட்டினார். எக்ஸ்பிரஸுக்கு மட்டும்தான் ஒரே ஜோடி. இத யாரும் சொல்றதில்லங்கறதுதான் எனக்கு வருத்தம்.

ஆளு எங்கேர்ந்து வந்தார்னு பாருங்க. 1820ல ஸ்காட்லாந்துல கில்மார்னாக்ல பொறந்தவர், அப்பா ராபர்ட் ஸ்டர்லிங் பாதிரியார், ஆனா 1816லயே சூடான காத்துல ஓடற இஞ்சினுக்கு பேட்டன்ட் வாங்கினவர், இன்னிக்கும் ஸ்டர்லிங் இஞ்சின்னு பாடத்துல வர்றது அவர் பேர்தான். பையன் டண்டீல சித்தப்பாவோட ஃபவுண்டரில வேல கத்துகிட்டார். தம்பி ஜேம்ஸும் லோகோ இஞ்சினியர், மகன் மாத்யூவும் அதே. 1853ல கிளாஸ்கோ அண்ட் சவுத் வெஸ்டர்ன் ரயில்வேல லோகோ சூப்பரின்டென்டென்ட், அதாவது ரயில் இஞ்சின் பிரிவுக்குத் தலைவர் ஆகி 13 வருஷம் இருந்தார், 1866ல இங்கிலாந்துல கிரேட் நார்தர்ன் ரயில்வேக்கு வந்து டான்காஸ்டர் ஒர்க்‌ஷாப்ப கையில எடுத்தார், சாகற வரைக்கும் அங்கதான்.

இப்ப சக்கரத்துக்கு வர்றேன். அந்தச் சக்கரம் 8 அடி 1 அங்குலம், கிட்டத்தட்ட 2.46 மீட்டர். ஒரு சுத்துக்கு ஏழே முக்கா மீட்டர் போகும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்துல நிமிஷத்துக்கு 215 சுத்துதான், அதே வேகத்துக்கு 6 அடிச் சக்கரம்னா 290 சுத்து வேணும். அந்தக் காலத்து எண்ணெயும் பேரிங்கும் பிஸ்டனும் அவ்ளோ அடிய நாள் முழுக்கத் தாங்கணும்ல, அதனால வேகம் வேணும்னா சக்கரத்த பெருசாக்கறதுதான் அன்னிக்கு நேர்வழி. ராட் போட்டா இன்னொரு தொல்லை. இணைச்ச சக்கரமெல்லாம் ஒரே அளவு இருக்கணும், டயர் ஒண்ணு கொஞ்சம் கூடத் தேஞ்சாலும் ஒண்ணு உருள இன்னொண்ணு தேய்ச்சுகிட்டே வரும், ராட் உடைஞ்சா அது வேற ஆபத்து. இணைச்ச இஞ்சின் ஓடறது, கால்சட்ட அவுந்து விழுந்த பையன் ஓடற மாதிரின்னு ஸ்டர்லிங் சொன்னதா ரயில்காரங்க நடுவுல ஒரு பேச்சு உண்டு!

அப்புறம் அவரோட லைன் எப்படின்னும் பாக்கணும். கிரேட் நார்தர்ன் மெயின்லைன்ல பெரும்பாலும் 200க்கு 1 சரிவுதான், அதாவது 200 அடி போனா ஒரு அடி ஏத்தம், வண்டிகளும் அப்ப லேசு. மலை ஏறற லைனா இருந்திருந்தா வேற கணக்கு. இந்த லைனுக்கு இந்த வண்டிக்கு இந்த வேகத்துக்குன்னு அளந்து தெச்ச சட்டை மாதிரி 1870ல நம்பர் 1 வந்துச்சு, 1895 வரைக்கும் மொத்தம் 53 கட்டினாங்க. சக்கரம் அவ்ளோ பெருசாகி பிஸ்டன் ஸ்ட்ரோக் (ஒரு தடவ அது நகர்ற தூரம்) 28 அங்குலமாவும் இருந்தா, சிலிண்டர உள்ள வச்சு அச்ச வளைச்சு செய்யும்போது பாய்லர ரொம்ப மேல தூக்க வேண்டி வரும், அதனால சிலிண்டர வெளில கொண்டுவந்தார். பிடிவாதக்காரர் பண்ற வேலையா இது?

1895 ஆகஸ்ட்ல லண்டன்லேர்ந்து ஆபர்டீனுக்கு யார் முதல்லன்னு ரயில் கம்பெனிகளுக்குள்ள நடந்த ஓட்டப்போட்டி தெரிஞ்சிருக்கும். 21ம் தேதி ராத்திரி ஸ்டர்லிங்கோட 668ம் நம்பர் இஞ்சின் கிங்ஸ் கிராஸ்லேர்ந்து கிராந்தம் வரை 170 கிலோமீட்டர 101 நிமிஷத்துல போச்சு, அங்கேர்ந்து 775ம் நம்பர் யார்க் வரை 133 கிலோமீட்டர் 76 நிமிஷம். ரெண்டுமே எட்டடிச் சக்கரம். டிசைன் வந்து அப்ப 25 வருஷம் ஆச்சு, யோசிச்சுப் பாருங்க.

உங்க நண்பர் சரியாகற இடம் இதுக்கப்புறம்தான். படுக்கை, சாப்பாட்டு வசதின்னு பெட்டிகள் கனமாகிட்டே வந்துச்சு, ஒரு ஜோடி சக்கரம் இழுக்கறதுக்கு அது ஆகல. 1890களோட தொடக்கத்துலயே அவர் அத ஒத்துகிட்டிருக்கணும், ஒத்துக்கல, அதே டிசைன இன்னும் கனமாக்கிப் பாத்தார். அங்க நான் அவர காப்பாத்தி எழுதமாட்டேன். 1895 நவம்பர்ல 75 வயசுல, வேலைல இருக்கறப்பவே இறந்துட்டார். அவர் இடத்துக்கு அடுத்து வந்த ஐவாட் 1898லயே நாலு சக்கரத்த இணைச்ச பெரிய எக்ஸ்பிரஸ் இஞ்சின வெளிய விட்டார்.

நம்பர் 1 1907ல ஓய்வு பெற்றது, ஆனா 1938ல மறுபடி நெருப்பு மூட்டி லண்டன்லேர்ந்து ஓட்டினாங்க. அடுத்த தடவ போனா சக்கரத்தோட நிக்காம பாய்லர் மேல பாருங்க, நீராவிய எடுக்கறதுக்காக வழக்கமா புடைச்சு நிக்கற கும்மட்டம் அதுல இருக்காது. பாய்லர் தகட்டுல அவ்ளோ பெரிய ஓட்ட போட அவருக்கு மனசில்ல, உள்ள மேல்பக்கமா ஒரு குழாய நீளமா வச்சு சின்னச் சின்ன ஓட்டை போட்டு நீராவிய எடுத்தார். அதான் அந்த இஞ்சின் முதுகு அவ்ளோ வழவழன்னு இருக்கு.