கடலில் எதை விட்டுவைப்பது? மீன்வளம் பற்றிய கேள்வி பதில்

மீன்பிடித் தடைக்காலத்தை ஒட்டிச் சென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பதில் சொல்பவர் மீன்வள மதிப்பீட்டில் இருப்பவர்.

மயிலாப்பூர் வாசகி: மே மாசம் பூரா நொச்சிக்குப்பத்துல மீன் விக்கிறாங்களே சார், தடைங்கிறது பேருக்குத்தானா?

இல்லை அம்மா, தடை விசைப்படகுக்கு மட்டும்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். 2017-க்கு முன் அது 45 நாளாக இருந்தது. கட்டுமரமும் ஃபைபர் படகும் தடைக்காலத்திலும் போகலாம். உங்கள் கூடைக்கு வருவது அந்த மீன். மேற்குக் கரையில் தடை ஜூன் 1-ஆம் தேதிதான் தொடங்கும் என்பதால், அதுவரை கேரளப் பக்கத்திலிருந்து ஐஸ் பெட்டியில் லாரியிலும் வரும்.

கல்லூரி மாணவர், ராயபுரம்: மீன் இனப்பெருக்கத்துக்கு இந்த 61 நாள் போதுமா சார்?

நம்முடையது வெப்பக் கடல், தம்பி. குளிர்நாட்டு மீன்களைப் போல ஒரே பருவத்தில் முட்டையிட்டு முடிப்பதில்லை. பல இனங்கள் ஆண்டில் பல மாதங்கள் தவணை தவணையாக இடும். அதனால் 61 நாள் என்பது எல்லா மீனுக்கும் பிரசவ விடுப்பு என்று நினைக்க வேண்டாம். அதன் பலன் வேறு. விசைப்படகின் கடல்நாட்களில் ஆறில் ஒரு பங்கு குறைகிறது, குஞ்சுகளுக்கு வளர இரண்டு மாதம் கிடைக்கிறது.

வளர்ச்சி ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. நீளம் இரட்டித்தால் எடை ஏறக்குறைய எட்டு மடங்காகும். 10 செ.மீ. கானாங்கெளுத்தி 10 கிராம் என்று வைத்துக்கொண்டால், 20 செ.மீ. ஆகும்போது 80 கிராம். பத்தாயிரம் குஞ்சை இன்றே அள்ளினால் 100 கிலோ; அது கோழித்தீவன விலைக்குப் போகும். விட்டுவைத்து, பாதி மற்ற மீன்களுக்கு இரையானாலும் மிச்சம் 5,000 மீன், 400 கிலோ, அதுவும் சாப்பாட்டு மீன் விலையில். ஆனால் ஜூன் 15 விடியும் முன்பே எல்லாப் படகும் இறங்கிப் பொடிக்கண் வலையால் அரித்தெடுத்தால், இந்த லாபம் சில வாரங்களில் கரைந்துவிடும். தடைக்காலம் பாதி மருந்துதான். மீதிப் பாதி வலைக்கண்ணில் இருக்கிறது.

விசைப்படகு உரிமையாளர், காசிமேடு: 40 மி.மீ. கண்ணு போட்டும் பொடிசு வருது. சதுரக்கண்ணு போட்டா இறால் போயிடும்னு பயமா இருக்கு.

அண்ணே, பொடிசு வருவதற்குக் காரணம் கண்ணின் அளவு இல்லை, அதன் நிலை. மடியின், அதாவது இழுவை வலையின், கடைசிப் பை நிறைந்து கனத்ததும் டைமண்ட் கண் (சாய்சதுர வடிவக் கண்) நீள்வாக்கில் இழுபட்டு மூடிக்கொள்ளும். கரையில் அளந்தால் 40, தண்ணீருக்குள் வெறும் கீற்று. சதுரக்கண்ணில் பாதி நூல் இழுக்கும் திசையிலேயே நேராக ஓடுவதால், பை நிறைந்தாலும் கண் திறந்தே நிற்கும்.

அளவில் ஒரு குழப்பம் வரும். 40 மி.மீ. என்பது கண்ணை மூலைக்கு மூலை இழுத்துப் பிடித்து அளப்பது. சதுரமாக நிற்கும்போது ஒரு பக்கம் 20 மி.மீ. தான். பக்கத்தையே 40 என்று எண்ணித் தைத்தால் நிஜமாகவே இறால் போய்விடும். நனைந்த வலையில் இருபது கண்ணாவது அளந்து சராசரி பாருங்கள்.

தைக்க முடிச்சில்லா வலை எடுங்கள். டைமண்ட் வலையைக் கண்ணின் நூல் ஓடும் திசையிலேயே வெட்டி, 45 டிகிரி திருப்பிப் பையாகத் தைக்க வேண்டும். முடிச்சு வலையைத் திருப்பினால் முடிச்சு நழுவிக் கண் கோணிப்போகும். அடுத்த தவறு, பை தரையில் உராயாமல் இருக்க வெளியே கட்டும் காப்பு வலை. அதன் கண் சின்னதாக இருந்தால் உள்ளே சதுரக்கண் போட்டதே வீண். அதைப் பெரிய கண்ணில், அடிப்பக்கம் மட்டும் கட்டுங்கள்.

சின்ன இறால் கொஞ்சம் போகத்தான் செய்யும், மறைக்கவில்லை. பெரிய இறால் தங்கும். குப்பை மீன் குறைவதால் தரம் பிரிக்கும் வேலை குறையும், பிடிபட்டதும் நசுங்காமல் கரைசேரும்.

ஃபைபர் படகுக்காரர், எண்ணூர்: மணிக்கு வர்ற மீன் குறையலையே சார். அப்புறம் எப்படி மீன் வளம் கொறையுதுன்னு சொல்றீங்க?

கூட்டமாகச் சேரும் மீனில் இந்தக் கணக்கு ஏமாற்றும். மொத்த மீன் குறையக் குறைய, மிச்சமுள்ளவை நல்ல இடத்தில் நெருக்கிச் சேரும். மீன் கூட்டத்தை ஒலியால் காட்டும் எக்கோ சவுண்டரும் ஜிபிஎஸ்ஸும் நேரே அங்கே கொண்டுபோய் விட்டுவிடும். கனடாவில் நியூஃபவுண்ட்லாந்து காட் மீனுக்கு நடந்தது இதுதான். இழுவைக் கப்பல்களின் பிடி நன்றாகவே இருந்தது. 1992 ஜூலை 2 அன்று மீன்பிடியையே மூட வேண்டியதாயிற்று.

ஒரு நோட்டில் நான்கு விஷயம் எழுதி வாருங்கள்: வலை தண்ணீரில் இருந்த மணி, எரிந்த டீசல், எவ்வளவு தூரம் போனது, பிடித்ததில் எடுத்த ஐம்பது மீனின் நீளம். கிலோ குறையாமலேயே தூரமும் டீசலும் ஏறி மீன் சிறுத்தால், அதுதான் எச்சரிக்கை.

தூண்டில்காரர், கோவளம்: சின்னதை விட்டுட்டுப் பெரிய கொடுவாவைத்தான் எடுத்துட்டு வர்றேன். சரிதானே?

பாதி சரி. கொடுவா ஆணாகத்தான் முதிரும். 80 முதல் 100 செ.மீ. வாக்கில் பெண்ணாக மாறும். பெரிய கொடுவா என்றால் பெரும்பாலும் தாய். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 58 செ.மீ.க்குக் கீழேயும் 120-க்கு மேலேயும் எடுக்கக் கூடாது என்று இருபக்க வரம்பு வைத்தது இதனால்தான். களவா இதற்கு நேர் எதிர்: பெண்ணாகத் தொடங்கிப் பெருத்தபின் ஆணாகும். பெரியதையே தேடி எடுத்தால் ஆண் இல்லாமல் போகும்.

விடும்போது கையை நனைத்து, மீனைப் படுக்கைவாட்டில் தாங்குங்கள். தாடையைப் பிடித்துத் தொங்கவிட்டால் கனமான மீனுக்கு உள்ளே அடிபடும்.

அடையாறு வாசகர்: ஜனவரியில் கரை ஒதுங்கும் ஆமைகளுக்கும் வலைக்கும் என்ன தொடர்பு?

பங்குனி ஆமை மூச்சுவிட மேலே வர வேண்டும். மணிக்கணக்கில் இழுக்கும் மடியில் சிக்கினால் மூழ்கிவிடும். முட்டையிட வரும் ஆமைகள் கரைக்கு அருகில் கூடும் காலத்தில், விசைப்படகு ஐந்து கடல் மைலுக்குள் வந்து இழுப்பதுதான் பெரிய ஆபத்து. மடிக்குள் சாய்வாகப் பொருத்தும் கம்பித் தடுப்பு, ஆமையை மட்டும் வெளி வாசலுக்குத் தள்ளும். பாசியும் குப்பையும் அடைத்தால் மீனும் அந்த வாசல் வழியே போகும், ஆகவே ஒவ்வொரு இழுப்புக்குப் பின்னும் துடைக்க வேண்டும்.

அசையாத ஆமை வந்தால் செத்ததென்று உடனே வீசாதீர்கள். பின்பக்கத்தை அரை அடி உயர்த்தி வைத்து, நிழலில், ஈரத்துணி போர்த்தி வையுங்கள். நுரையீரலில் புகுந்த தண்ணீர் வடிந்து எழ 24 மணி நேரம் வரைகூட ஆகலாம். தெளிந்ததும் இன்ஜினை நியூட்ரலில் வைத்துவிட்டு இறக்குங்கள்.

பழவேற்காடு வாசகர்: சட்டம் இல்லாம ஊரே கட்டுப்பாடு வெச்சா நிக்குமா?

உங்கள் ஏரியில்தான் பாடு முறை இருக்கிறதே! இறால் பிடிக்கும் இடங்களை முறைவைத்துச் சுற்றிவிட்டால் யாருக்கும் நல்ல பாடு நிரந்தரமில்லை, சண்டையும் இல்லை. ஆனால் அது இடத்தைப் பங்கிடும், பிடியின் அளவைக் கட்டாது. வலைக்கண்ணையும் ஊர்க்கூட்டத்தில் சேர்த்துப் பேசினால்தான் முழுமை.

தண்டையார்பேட்டை வாசகி: சினை நண்டு வாங்கலாமா அண்ணா?

நண்டைத் திருப்பி வயிற்று மடலைப் பாருங்கம்மா. ஒடுங்கி நீண்டிருந்தால் ஆண். முக்கோணமாக இருந்தால் முதிராத பெண். அகன்று வளைந்திருந்தால் முதிர்ந்த பெண். அந்த அகன்ற மடலுக்கு வெளியே பஞ்சு போல முட்டை பிதுங்கிக்கொண்டிருந்தால் வேண்டாம். ஆரஞ்சு நிறம் என்றால் புதிதாக இட்டது. கருஞ்சாம்பல் என்றால் பொரிக்க இன்னும் சில நாள்தான். ஓட்டுக்குள் இருக்கும் சினையை வெளியிலிருந்து கண்டுபிடிப்பது கஷ்டம், அதனால் ஆண் நண்டாகவே கேளுங்கள். சதையும் அதில்தான் அதிகம்.