கல்பாக்கம் உலை: 170ஆ, 220ஆ?

கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் இரண்டு உலைகளில் ஒவ்வொன்றின் மின்திறனும் ஒரு புத்தகத்தில் 170 மெகாவாட், இன்னொன்றில் 220 என்று இருக்கிறது, கட்டுரையில் எதைப் போடுவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் சரிதான், காலம்தான் வேறு.

1980களின் கடைசியில், உலைக்கலனுக்குள் கனநீர் (நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்கும் மட்டுப்படுத்தி) நுழையும் குழாயமைப்பு இரண்டு உலைகளிலும் உடைந்துபோனது. கனநீரின் ஓட்டப்பாதை மாறியதால் திறனை 170க்கு இறக்கித்தான் ஓட்டினார்கள். 2000களின் முதல் பாதியில் இரண்டு உலைகளையும் அடுத்தடுத்து நிறுத்தி, குளிர்விப்புக் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றினார்கள். சிர்க்கலாய் என்ற சிர்க்கோனியக் கலவையால் ஆன பழைய குழாய்கள் ஹைட்ரஜனை உறிஞ்சி நொறுங்கும் தன்மை அடைபவை. புதியவை சிர்க்கோனியம்-நியோபியம் கலவை. அப்போதே கனநீர் நுழைய ஸ்பார்ஜர் எனப்படும் துளையிட்ட குழாய்களையும் பொருத்தியதால் திறன் 220க்குத் திரும்பியது. நுழைவுக் குழாய் உடைந்த கலனை அப்படியே வைத்துக்கொண்டு இதைச் சாதித்ததுதான் எனக்குப் பெரிய வியப்பு.

கட்டுரையில் ஆண்டோடு சேர்த்து இரண்டையும் போடுங்கள். அப்புறம், இதைத் ‘திறன் உயர்வு’ என்று எழுதாதீர்கள்; இழந்ததை மீட்டது, அவ்வளவுதான்.