ஒரு மூடி பீர்தானேன்னு விட்டுடலாமா?

கேள்வி: அக்கா, போன மாசம் குலதெய்வக் கோயில்ல கிடா வெட்டு. ராத்திரி ஆம்பளைங்க தோப்புல உக்காந்து குடிச்சிட்டு இருந்தாங்க, எங்க வீட்டுக்காரரோட அண்ணன் என் எட்டு வயசுப் பையனைக் கூப்பிட்டு பாட்டில் மூடியில பீர் ஊத்திக் குடுத்து "சிங்கக்குட்டிடா"ங்குறாரு, எல்லாரும் கைதட்டுறாங்க. நான் சத்தம் போட்டதுக்கு, "வீட்டுலயே ருசி பாத்துட்டா நாளைக்கு வெளிய போய்த் திருட்டுத்தனமா குடிக்க மாட்டான்"னு எங்க வீட்டுக்காரர் சொல்றாரு. நான்தான் பெருசு பண்றேனா? – வாசகி, தேனி மாவட்டம்

பதில்: இல்லம்மா, நீங்க கோவப்பட்டது ரொம்ப சரி. வீட்டுலயே பழக்கிட்டா கெட மாட்டான்ங்குற பேச்சு நம்ம ஊர்ல மட்டும் இல்ல, எல்லா ஊர்லயும் இருக்கு, ஆஸ்திரேலியாவுல 1,900க்கும் மேல பிள்ளைங்களை ஆறு வருஷம் கவனிச்சுப் பாத்து 2018ல முடிவு வெளியிட்டாங்க, பெத்தவங்களே ஊத்திக் குடுத்ததால ஒரு பாதுகாப்பும் கிடைக்கல, அந்தப் பிள்ளைங்க வெளிய வாங்கிக் குடிக்கிறதும்தான் கூடுச்சு. ஒரு மூடி பீர் உடம்பை என்ன பண்ணிடும்னு கேப்பாங்க, ஆனா அவன் மனசுல நின்னது பீரோட கசப்பு இல்லம்மா, அந்தக் கைதட்டு. பரிச்சையில மார்க் வாங்குனப்பகூட பெரியப்பா அப்படித் தட்டிக் குடுத்திருக்க மாட்டாரு.

எனக்கு அதைவிட பயம் மிச்ச சரக்குதான். விசேஷ வீட்டுல ஸ்ப்ரைட் பாட்டில்லயே பிராந்தியைக் கலந்து வச்சிட்டு மறந்துடுவாங்க, தாகத்துல வர்ற பிள்ளைக்கு என்ன தெரியும்? சின்னப் பிள்ளைங்களுக்கு சாராயம் உள்ள போனா ரத்தத்துல சர்க்கரை சட்டுனு இறங்கிடும், வலிப்புகூட வரலாம். பிள்ளை தள்ளாடுனாலோ எழுப்பியும் சரியா முழிக்கலன்னாலோ "தூங்கட்டும் விடு"ன்னு விடாதீங்க, ஒருக்களிச்சுப் படுக்க வச்சு உடனே 108க்குப் போன் பண்ணுங்க.

சட்டமும் வீட்டுக்காரருக்குத் தெரியணும். தமிழ்நாட்டுல 21 வயசு ஆகாதவங்களுக்கு மது விக்கவே கூடாது. 2015ல வந்த சிறார் நீதிச் சட்டம் 77வது பிரிவுப்படி, டாக்டர் சொல்லாம குழந்தைக்கு மது குடுத்தா யாரா இருந்தாலும் 7 வருஷம் வரைக்கும் கடுங்காவல், 1 லட்சம் ரூபா வரைக்கும் அபராதம். மச்சினரோட நீங்க மல்லுக்கு நிக்க வேணாம், அவர் தெளிவா இருக்குற ஒரு காலையில உங்க வீட்டுக்காரரே அண்ணன்கிட்ட பேசட்டும், தம்பி சொன்னாத்தான் அங்க எடுபடும்.

பையனைத் திட்டாதீங்க. பெரியப்பா குடுத்ததுதான் தப்பு, உன் மேல தப்பில்லன்னு சொல்லுங்க, இனி யார் நீட்டுனாலும் வேணாம்னுட்டு நேரா அம்மாகிட்ட வந்துடுன்னு சொல்லி வைங்க.